மர ஆப்பும் ரெண்டு வரி நோட்டீஸும்

கிளைம்பிங் கிளப் பாதுகாப்புக் குழுவுல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

"வீட்டில் தயாரித்த பாதுகாப்பு உபகரணங்களுக்கு அனுமதி இல்லை. மீறினால் உறுப்பினர் அட்டை ரத்து." போர்டுல நீங்க ஒட்டுன அந்த ரெண்டு வரியப் படிச்சேன். பேர் போடலன்னாலும் அது யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஏன்னா விழுந்தா கயிறு பிடிக்கறதுக்காக பாறை வெடிப்புல (கிராக்ல) செருகற மர ஆப்ப நானே செஞ்சு, இடுப்புல கட்டற ஹார்னஸ்ல தொங்கவிட்டுக்கிட்டுத் திரியற ஒரே ஆளு நான்தான். ஆப்பு செஞ்சவனுக்கே ஆப்பு வெச்சுட்டாங்கன்னு பசங்க சிரிக்கறாங்க, சரி சிரிக்கட்டும். நோட்டீஸ்ல பாதி எனக்கும் சம்மதந்தான். யாரும் டெஸ்ட் பண்ணாத ஒரு கட்டைய நம்பி பாறைல லீட் (மேலேர்ந்து கயிறு இல்லாம மொத ஆளா) ஏறக்கூடாது, அதுல வாதமே இல்ல. ஆனா டெஸ்ட் பண்ற வழியையும் சேத்து அடைச்சுட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த மடல்.

வீட்ல செஞ்சதுன்னாலே பைத்தியக்காரத்தனம்னு ஒருத்தர் சொன்னதா கேள்விப்பட்டேன். 1957ல அமெரிக்காவோட யோசெமிட்டில எல் காபிட்டான் பாறைல வாரன் ஹார்டிங் கூட்டத்துக்கு அகலமான கிராக்ல போடறதுக்குப் பிட்டன் (பாறைல அடிக்கற இரும்பு ஆணி) இல்ல, குப்பைல கெடந்த பழைய அடுப்போட கால்களை எடுத்துட்டு வந்து அதையே அடிச்சு ஏறுனாங்க, அந்த கிராக்குக்கு இன்னிக்கும் அடுப்புக்கால் கிராக்னுதான் பேரு. பிரிட்டன்ல ரயில் தண்டவாளத்து ஓரம் கெடந்த நட்டப் பொறுக்கி, மரையச் சொரண்டி எடுத்துட்டு கயிறு கோத்துக்கிட்டு ஏறுனாங்க, கிராக்ல செருகற உலோகத் துண்ட நாம இன்னிக்கு நட்டுன்னு சொல்றதே அங்கேர்ந்து வந்ததுதான். 1978ல கடைக்கு வந்த ஃப்ரெண்ட்ஸ் கேம்கூட (கிராக்குக்குள்ள விரிஞ்சு பிடிச்சுக்கற ஸ்ப்ரிங் கருவி) ரே ஜார்டின் அதுக்கு முன்னாடி பல வருஷம் சொந்தமா செஞ்சு செஞ்சு பாத்ததுதான். மரத்தையே எடுத்துக்குங்க, பெரிய மெட்டல் பிட்டனெல்லாம் வர்றதுக்கு முன்னாடி கை முஷ்டி போற கிராக்ல எல்லாம் மர ஆப்பு அடிச்சு, அதுல ஓட்ட போட்டு ஸ்லிங் (வளையமா கட்டுன கயிறு) கட்டுனதுதான் வழக்கம். அந்தக் காலத்துல நெறைய பேரு விழுந்தும் இருக்காங்க, அதனால பழசுங்கறதாலயே அது பத்திரம்னு நான் சொல்ல வரல.

இப்ப எதுக்கு மரம்னு கேட்டா, பெரிய சைஸ் கேம் ஒண்ணோட வெலைய உங்க எல்லாருக்கும் தெரியும், வெயிட்டும் தெரியும். இன்னொண்ணு, மென்மையான மணல்கல்லுல மெட்டல் கல்லையே தின்னுடும். ஜெர்மனி எல்பெ மணல்கல் பாறைகள்ல இன்னிக்கும் மெட்டல் நட்டுக்கும் கேமுக்கும் தடை, ஸ்லிங்ல முடிச்சுப் போட்டு அந்த முடிச்சையே கிராக்ல திணிக்கறாங்க. அங்க தடை பாறையக் காப்பாத்த, இங்க எதக் காப்பாத்தன்னு நோட்டீஸ்ல ஒரு வார்த்த இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்.

சரி, என் தப்பையே சொல்லிடறேன். மொத ஆப்ப ஒரு பலகைலேர்ந்து வெட்டுனேன், பாக்க அழகா இருந்துச்சு, அகலப் பக்கம் 12 சென்டிமீட்டர், நடுவுல ட்ரில் போட்டு 7 மில்லிமீட்டர் கார்டு (மெல்லிய கயிறு) கோத்தேன். மரத்தோட ரேகை கயிறு இழுக்கற தெசைலயே ஓடுச்சு, பலகைய வெட்டுனா அப்படித்தான் வரும், நானும் யோசிக்கல. ராட்சட் புல்லர், தொங்கு தராசு, வீட்டுப் பின்னாடி ஒரு மரத்தடி, அதான் என் லேப். முறுக்க முறுக்க மொதல்ல டிக் டிக்னு சின்ன சத்தம், அப்புறம் கார்டு ஓட்டைக்குள்ள மெல்ல எறங்கி உக்காந்துச்சு, ஓட்டையோட அடில முடி மாதிரி ஒரு கோடு கீழ ஓடுறத கண்ணாலயே பாத்தேன், 3 கிலோநியூட்டன (ஒரு கிலோநியூட்டன்னா சுமாரா 100 கிலோ பாரம்) தாண்டல, தீக்குச்சி மாதிரி ரெண்டா பொளந்துடுச்சு. வெறகு பொளக்க ஆப்பு அடிக்கறோம்ல, அந்த ஆப்பு வேலைய இங்க கயிறே செஞ்சுடுச்சு. ஆப்பசைச்ச குரங்கு கதைல குரங்கு நான்தான்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

அடுத்த மாடல்ல ரேகைய கிராக்கோட ஒரு சொவத்துலேர்ந்து எதிர் சொவத்துக்கு ஓடற மாதிரி திருப்புனேன், ஏன்னா கடின மரம் ரேகை வாக்குல அமுக்குனா தாங்கற பாரம் குறுக்க அமுக்குனா தாங்கறதவிட சுமாரா 5, 6 மடங்கு. ஓட்டையே போடல, உளியால ஒரு காடி எடுத்து, ஓரத்த உருட்டி, ஸ்லிங்க அத சுத்திப் போட்டேன். இது உடையவே இல்ல, வழுக்கிட்டு வெளிய வந்துச்சு! அப்புறம்தான் ஒறச்சுது, பாறைக்குப் பதிலா ரெண்டு பக்கமும் நான் வெச்சிருந்த இரும்புத் தகடு பாறையவிட வழவழன்னு இருக்கு, அதுல வர்ற நம்பர் எதுக்கும் ஒதவாது. தகட்டத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு சொரசொரப்பான கான்கிரீட் கட்டைக்கு நடுவுல வெச்சு மறுபடி இழுத்தேன்.

அப்ப வந்ததுதான் எனக்கு உண்மையிலேயே பயம் காட்டுன விஷயம். ஒரே பலகை, ஒரே அளவு, சிலது 7 கிலோநியூட்டன் தாண்டி நின்னுச்சு, ஒண்ணு 4லயே போச்சு, வெளிய தெரியாம உள்ள ஒரு கணு இருந்திருக்கு. மெட்டல்ல இப்படி ஆடாது. மரத்துல கணு கிணு இல்லாத சுத்தமான துண்டுலயே பலம் சராசரிலேர்ந்து 15, 20 சதவீதம் அங்க இங்க போறது சகஜம். கணக்குப் போட்டுப் பாருங்க, பத்து பீஸ் உடைச்சு சராசரி 10 வந்துச்சுன்னு வைங்க, வித்தியாசம் 20 சதவீதம்னா திட்ட விலக்கம் 2, கிளைம்பிங் சாமான் செய்யற கம்பெனிங்க பல பேர் பண்ற மாதிரி அதுல மூணு மடங்கக் கழிச்சா கட்டைமேல எழுதக்கூடிய நம்பர் வெறும் 4. ஒரு பீஸ இழுத்து 10 வந்துடுச்சுன்னு சந்தோஷப்படறவன்தான் கிளப்புக்கு ஆபத்து, நானும் மொத வாரம் அவன்தான். ஏறறவர் சாதாரணமா ஒரு தடவ விழுந்தாலே மேல இருக்கற பீஸுக்கு அவரோட இழுப்பும் கீழ கயிறப் பிடிச்சு பெலே பண்றவரோட இழுப்பும் சேந்து 5, 6 வந்துடும், அப்ப அந்த 4 எங்க நிக்கும்?

அதே சமயம் ஈஎன் 12270ங்கற நட்டுக்கான ஐரோப்பியத் தரம் கேக்கறதே குறைஞ்சபட்சம் 2 கிலோநியூட்டன்தான், கேமுக்கான 12276 கேக்கறது 5. நம்பர் சின்னதா இருந்தாலும் பரவால்ல, அது மேல எழுதியிருக்கணும், அத நம்பறதுக்குக் காரணம் இருக்கணும், அவ்ளோதான் அங்க விஷயம். என் கட்டைல எழுத என்கிட்ட நம்பர் இல்ல. ஈரம் வேற இருக்கு, மரம் தண்ணி குடிச்சா பலம் கொறையும், காஞ்சா சுருங்கும், ஈரமா அடிச்ச ஆப்ப கிராக்லயே விட்டுட்டுப் போனா வெயில்ல சுருங்கி லூசாயிடும், அடுத்து வர்றவன் அத நம்பி கயிற மாட்டுவான். பாறைல விட்டுட்டுப் போற ஆப்புக்குத் தடை போடுங்க, நானே மொத கையெழுத்து. பிளைவுட்ல கேம் செய்யறவங்களுக்கும் ஒண்ணு, 13.75 டிகிரி கேம் கோணத்துல 5 கிலோநியூட்டன் இழுத்தா ஒவ்வொரு பக்கமும் சொவத்துமேல சுமாரா 10 அமுங்குது, அந்த 10 பிளைவுட்டோட சின்ன ஒரு ஓரத்துலதான் உக்காருது. நான் அந்தப் பக்கமே போகல.

இப்ப கேக்க வந்தத கேக்கறேன். வீட்டுப் பின்னாடி இழுக்கறது ஆபத்து, ஏழாவது பீஸ் போனப்ப கட்டையோட பாதி என் காதோரமா போயி கதவுல குத்தி நின்னுச்சு, அன்னிக்கு நான் நேர்கோட்டுல நின்னுட்டிருந்தேன். கிளப் ஸ்டோர்ல ஒரு ஹைட்ராலிக் ஜாக்கும் லோட் செல்லும் (பாரம் அளக்கற கருவி) போல்ட் டெஸ்டுக்காக வாங்கி வெச்சது தூசி படிஞ்சு கெடக்கு. மாசத்துல ஒரு நாள் அத வெளிய எடுங்க. ஒரே மாடல்ல பத்து பீஸாவது உடைச்சு, எந்த எடத்துல எப்படி உடைஞ்சுதுன்னு போட்டோவோட எழுதிக் குடுக்காதவன் கட்டைய கிளப் பாறைக்குக் கொண்டு வரக்கூடாதுன்னு விதி போடுங்க. குடுத்தவனும் மேலேர்ந்து தனி ரோப் பேக்கப் இல்லாம அதுல தொங்கக்கூடாது, இன்னொருத்தருக்கு எரவல் குடுக்கவும் கூடாது. இத்தன கட்டுப்பாடும் போட்டா உங்க நோட்டீஸவிட இது கண்டிப்பானதுதான், நான் ஏத்துக்கறேன்.

அதுவரைக்கும் ஹார்னஸ்ல இருந்ததையெல்லாம் கழட்டிட்டேன், ஒரு பைல போட்டு வெச்சிருக்கேன், இன்னும் உடைக்காத பீஸ் ஒம்போது இருக்கு. ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.