மேலூர்ப் பள்ளிகளுக்குப் படம் கொண்டு வரும் மகனுக்கு

புதூர், மதுரை

அன்புள்ள கதிருக்கு,

மேலூர் பக்கத்துப் பள்ளிகளில் திரையிட நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். படங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நீளம்தான் இடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் கிடைப்பது 40, 45 நிமிடம். தலைமையாசிரியர் மனசு வைத்தால் இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கொடுப்பார். ஒன்றரை மணி நேரப் படத்தைப் போட்டால் முடிவதற்குள் மணியடித்துவிடும், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களைப் பேச வைக்கத்தான் படம். எட்டு நிமிடம் படம், அரை மணி நேரம் பேச்சு என்று கணக்கு வைத்துக்கொள்.

அதனால் முதல் நாளுக்கு ‘நெய்பர்ஸ்’ போதும். நார்மன் மெக்லாரன் 1952இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக எடுத்தது. வசனமே கிடையாது, அதனால் மொழிச் சிக்கலும் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். நடுவில் ஒரு பூ பூக்கிறது. அது யாருக்கு என்று ஆரம்பித்து, வேலி போட்டு, அடிதடியாகிக் கடைசியில் இரண்டு பேரும் சாகிறார்கள். வேலி நடும் இடத்தில் நிறுத்து. பூ இப்போது எவன் பக்கம் இருக்கிறது, அதை யார் முடிவு செய்தது என்று கேள். வரப்புத் தகராறைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நீ விளக்கவே வேண்டாம்.

படம் முடிந்ததும் “சண்டை போடக் கூடாது சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அதோடு திருப்தியாகிக் கிளம்பிவிடாதே. நமக்குப் பிடித்த பதில் எதுவென்று அதுகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். “எந்த நிமிஷத்தில் நிறுத்தியிருக்கலாம்? யார் நிறுத்தியிருக்கலாம்?” என்று கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்துக்குப் படத்தைத் திருப்பிப் போடு. அங்கேதான் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். ஒன்று கவனம்: கடைசியில் எதிராளியின் மனைவியையும் கைக்குழந்தையையும் அடிக்கிற காட்சி வரும். முன்பு அதை வெட்டியிருந்தார்கள், பிறகு சேர்த்துவிட்டார்கள். உன்னிடம் இருப்பது எது என்று முன்கூட்டியே பார்த்துவிடு. ஆறு, ஏழாம் வகுப்புக்கு அதற்கு முன்பே நிறுத்துவது நல்லது.

ஒன்பதாம் வகுப்புக்கு ‘ப்ளீஸ் வோட் ஃபார் மீ’. 2007இல் வந்த ஆவணப்படம், 58 நிமிடம். இதற்கு இரண்டு பாடவேளை கேட்டு வாங்கு. சீனாவில் வூஹான் நகரத்து மூன்றாம் வகுப்பில் வகுப்புத் தலைவர் தேர்தல். மூன்று வேட்பாளர்கள், எல்லாருக்கும் எட்டு வயசு. பேச்சை எழுதிக் கொடுப்பதும் எதிராளியை எப்படி மட்டம் தட்டுவது என்று சொல்லிக் கொடுப்பதும் பெற்றோர்கள். ஒரு வேட்பாளரின் அப்பா, அம்மா வகுப்பையே ரயிலில் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போவார்கள். அங்கே நிறுத்து. நம் பிள்ளைகள் தாங்களாகவே ஓட்டுக்குக் காசு கொடுக்கிற ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று ஆரம்பிப்பார்கள், வீட்டில் காதில் விழுந்ததுதானே. பேசட்டும். கட்சிப் பேர் மட்டும் வேண்டாம், நீ போன பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த ஆசிரியர்.

படம் நம் ஊரை விட்டு எவ்வளவு தள்ளி நடக்கிறதோ அவ்வளவு தாராளமாகப் பேசுவார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை, தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்தல் ஏன் ஒழுங்காக நடக்க முடியவில்லை என்பதை முதல் நாளே எடுத்தால் வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். சீனாவில் ஆரம்பி, மூன்றாவது வாரம் அவர்களே இங்கே வந்து சேருவார்கள்.

“உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?” என்று எந்தப் பிள்ளையையும் எல்லார் முன்னாலும் கேட்காதே. எந்தத் தெரு என்றும் கேட்காதே, நம் பக்கத்தில் அது சாதியைக் கேட்பதுதான். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணச் சொல்லி, ஒரே எண்காரர்களைச் சேர்த்து உட்கார வை. இல்லாவிட்டால் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024இல் அறிக்கை கொடுக்கிற அளவுக்கு நிலைமை இருக்கிறது, தெரியுமில்லையா. பேச விரும்புகிற எல்லாரும் ஒரு முறை பேசி முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. கடைசியில் துண்டுச்சீட்டில் பேர் போடாமல் ஓட்டு எடுத்து, அவர்கள் முன்னாலேயே எண்ணு.

‘எ கிளாஸ் டிவைடட்’ படத்தை (1985) ஆசிரியர்களுக்கு மட்டும் காட்டு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968இல், ஜேன் எலியட் என்ற அமெரிக்க டீச்சர் கண் நிறத்தை வைத்துத் தன் வகுப்பை உயர்வு தாழ்வாகப் பிரித்துக் காட்டினார்; 1970இல் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது எடுத்த காட்சி அதில் வருகிறது. பார்த்த வேகத்தில் யாராவது நம் வகுப்பிலும் செய்யலாம் என்பார்கள். கூடவே கூடாது. ஏற்கெனவே பிரிந்து கிடக்கிற பிள்ளைகளை விளையாட்டுக்குக்கூடப் பிரிக்கக் கூடாது.

இனி சாமான் விஷயம். சப்டைட்டில் கோப்பின் பேரும் படத்தின் பேரும் ஒன்றாக இருக்கட்டும், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமி. இல்லையென்றால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். ஸ்மார்ட் டிவியில் பென்டிரைவைச் செருகினால் அப்போதும் வராமல் போகலாம், படத்தோடு பதித்துக் கொண்டு வருவதுதான் நிம்மதி. ஒரு நேரத்தில் ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள், ஒரு ஆசிரியரைச் சத்தமாக வாசிக்கச் சொல். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி நீயே கொண்டு வா, 11 மணிக்குள் முடி. அதற்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே யாரும் உட்கார மாட்டார்கள். ப்ரொஜெக்டரை யுபிஎஸ் வழியாக மாட்டு, திடீரென்று கரண்ட் போனால் விளக்கு ஆறாமல் கெட்டுவிடலாம்.

பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு தரும் விலக்கு, பள்ளி தன் வேலையாக மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்களுக்குக் காட்டுவதற்குத்தான். அதனால் நிகழ்ச்சி பள்ளியின் பேரில் நடக்கட்டும். ஊர் மந்தையில் திரை கட்டுவதென்றால் உரிமையாளரிடம் எழுதி அனுமதி வாங்கு.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், நவம்பருக்குள் தேதி கேள். எந்தப் பள்ளி முதலில் என்று எழுது.

அன்புடன்,
அம்மா