எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கொட்டகலை

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, மரக்கறித் தோட்டக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம்.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த கடன் பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஐந்து இடத்துக் கடனையும் மறைக்காமல் ஒரே தாளில் எழுதியது நல்ல காரியம். ஆனால் வரிசை சரியில்லை, மச்சான். கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று கடைக் கணக்கு 14,000 ரூபாயை முதலில் போட்டிருக்கிறாய். பஜாரில் வட்டிக்காரரிடம் வாங்கிய 60,000 நாலாவதாகக் கிடக்கிறது, அவர் சத்தம் போடாதவர் என்பதால். யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பதுதான் நம் பழக்கம். நீ பார்க்க வேண்டியது எந்தக் கடன் வேகமாக வளர்கிறது என்பதை.

மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் 60,000க்கு மாதம் 6,000. ஒரு வருடத்தில் 72,000 கட்டியும் முதல் தொகை அப்படியே நிற்கும். மாதம் 8,000 கட்டினால் முதல் தொகையில் தொடக்கத்தில் 2,000தான் கழியும். முடிக்கப் பதினைந்து மாதம் போகும், மொத்தம் சுமார் 1,16,000 கொடுத்திருப்பாய். அதையே 10,000 ஆக்கினால் பத்து மாதத்தில் முடியும், மொத்தம் சுமார் 96,000. கூடுதலாகப் போடும் 2,000தான் அந்த 20,000ஐ மிச்சம் பிடிக்கிறது. ஆனால் பல வட்டிக்காரர்கள் முதலைத் துண்டு துண்டாக எடுக்க மாட்டார்கள், "முதலை மொத்தமாகக் கொண்டு வாங்க" என்பார்கள். குறைந்தது 20,000 படி மூன்று தவணையில் எடுக்கச் சம்மதிப்பாரா என்று இப்போதே பேசிப் பார்.

அதைவிட நல்ல வழி உனக்கு இருக்கிறது. நீ அரசாங்க ஆசிரியர். அரசாங்க ஊழியர்களுக்குக் கொடுக்கும், டிஸ்ட்ரஸ் லோன் என்று எல்லோரும் சொல்லும் இடர் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 4.2 வீதம். 60,000க்கு வருடத்துக்கே 2,520 ரூபாய்தான் வரும். பஜாரில் நீ மாதம் 6,000 கொடுக்கிறாய்! உன் பழைய இடர் கடனில் இன்னும் பாக்கி இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைப் புதுப்பித்து 60,000 எடுக்க முடியுமா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் சம்பளக் கிளையில் கேள். போகும்போது கடைசிச் சம்பளச் சிட்டையைக் கொண்டு போ. சம்பளத்திலிருந்து வெட்டும் கழிவுகள் அதன் 40 வீதத்தைத் தாண்டக் கூடாது, அங்கேதான் பலருடைய விண்ணப்பம் மாட்டிக்கொள்கிறது. பிணையாளர்களிடமும் முன்கூட்டியே பேசி வை. 5 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 1,110 கழியும். ஆக, மாதம் ஏறக்குறைய 4,900 உன் கையில் மிஞ்சும்.

காசு கணக்கில் விழுந்த அன்றே பஜாருக்குப் போய்விடு. தீபாவளிக்கு முன் விழுந்தால் இன்னும் கவனம், பாதி உடுப்புக் கடைக்குப் போய்விடும். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் கையில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதே. "முழுதும் தீர்ந்தது" என்று திகதியோடு ஒரு வரி எழுதி வாங்கு. அவர் மறுத்தாலும் பயப்படாதே. இலங்கையில் 1918ஆம் ஆண்டிலிருந்தே கடன் கொடுப்பது பற்றி ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. உண்மையில் கொடுத்த தொகையையும் வட்டி வீதத்தையும் புரோநோட்டில் எழுத வேண்டும், வட்டி அநியாயம் என்றால் நீதிமன்றம் கணக்கைத் திரும்பத் திறக்கலாம். மிரட்டல் வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

அகிலா மற்றப் பெண்களோடு சேர்ந்து எடுத்த குழுக் கடனில் வாரம் 1,250 வீதம் 50 வாரம், கைக்கு வந்தது 50,000. பார்வைக்கு 25 வீதம்தான். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதல் தொகை குறைந்துகொண்டு வருவதால் உண்மை வட்டி ஆண்டுக்கு 47 வீதத்தை ஒட்டி வருகிறது. உன் நிதி நிறுவனக் கடனும் அதே கதைதான்: 1,00,000க்கு நேர்வட்டி (கடைசிவரை முழுத் தொகைக்கும் போடும் வட்டி) ஆண்டுக்கு 24 வீதம், 24 மாதம், மாதம் 6,167 என்றால் உண்மையில் 41 வீதம். இரண்டு இடத்திலும் "இன்றைக்கே முழுதும் கட்டினால் எவ்வளவு?" என்று எழுத்தில் கேள். மீதித் தவணைகளை அப்படியே கூட்டிச் சொன்னால் முந்திக் கட்டுவதில் லாபமில்லை, தவணையை ஒழுங்காகக் கட்டி வந்தால் போதும். வட்டியைக் குறைத்துச் சொன்னால் யோசிக்கலாம்.

குழுக் கடனில் ஒரு வாரமும் தவறக் கூடாது. தவறினால் அகிலாவோடு கையெழுத்துப் போட்ட பெண்களின் வாசலில் போய் நிற்பார்கள், லயத்தில் முகம் பார்க்க முடியாமல் போகும். கடன் முடியும் தறுவாயில் பாக்கியைக் கழித்துக்கொண்டு பெரிய கடன் தருகிறோம் என்று வருவார்கள். அதற்கு அகிலா இப்போதே "வேண்டாம்" என்று முடிவு எடுத்துவிட வேண்டும். பலர் வருடக்கணக்காக வெளியே வராததற்கு அந்தப் புதுப்பித்தல்தான் காரணம்.

மிஞ்சும் 4,900ஐ முதல் மூன்று மாதமும் கடனுக்குக் கட்டாதே. தேசிய சேமிப்பு வங்கியில் அட்டை இல்லாத ஒரு கணக்கில் 15,000 வரை சேர். இதைச் சொன்னால் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஒரு காய்ச்சல், ஒரு சாவு, கோயில் திருவிழாப் பணம், பிள்ளைகளின் சப்பாத்து. கையில் காசு இல்லாவிட்டால் அதே பஜாருக்குத்தான் கால் போகும். அது சேர்ந்த பிறகு கடைக் கணக்கை முடி. அதுவரை கடைக்காரரிடம் நேரே போய், "இனிமேல் கைக்காசுக்குத்தான் சாமான், பழைய பாக்கி மூன்று மாதம் கழித்து மாதாமாதம் வரும்" என்று சொல். வட்டி இல்லாத கடன், அவர் காத்திருப்பார்.

நகை அடகு கடைசியில். அடகுக் கடன் 1,80,000க்கு ஆண்டு 15 வீதம் என்றால் மாதம் 2,250. அடகுச் சீட்டில் உள்ள திகதியை கலண்டரில் குறித்து வை, வட்டி கட்டாமல் அந்தத் திகதி தாண்டினால் ஏலத்துக்குப் போகலாம். தங்க விலை ஏறியிருக்கிறது, கூட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இன்னும் முப்பது வாரத்தில் குழுக் கடன் முடிந்ததும் மாதம் 5,400 விடுபடும். அதையும் 4,900ஐயும் 2,250ஐயும் சேர்த்து மாதம் 12,550 கட்டினால் சுமார் 16 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று மட்டும் கவுண்டரில் கேட்டுக்கொள். இடர் கடன் கிடைக்காமல் போனால், ஒரு காப்பை மீட்டு விற்றுப் பஜார் கடனை அடைப்பது நல்லது. அகிலாவுக்கு மனம் வராது என்று தெரியும். தாலிக்கொடியைச் சொல்லவில்லை, காப்பைத்தான் சொல்கிறேன்.

அம்மாவின் சேமலாப நிதிக் காசைத் தொடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கொழுந்து பறித்த சம்பளத்தில் மாதாமாதம் அவர் போட்ட 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் அது. அவர் பெயரில் நிலையான வைப்பில் இருக்கட்டும். உன் சம்பளத்தால் இந்தக் கடன் அடையும்.

நண்பர் ஒருவருக்குப் பிணை நின்றதாகவும் எழுதியிருக்கிறாய். கடன் தகவல் பணியகத்திலிருந்து உன் அறிக்கையை எடுத்துப் பார், அவர் தவணை தவறுவது உனக்கும் தெரிய வேண்டும். நிதி நிறுவனம் எழுத்தில் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம்.

அடுத்த கடிதத்தில் அடகுச் சீட்டின் இரண்டு பக்கத்தையும் நிதி நிறுவன ஒப்பந்தத்தையும் பிரதி எடுத்து அனுப்பு. தாமதக் கட்டணம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் அகிலாவுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜு