2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: விமான நிலைய மழையும் நம் வீட்டு மழையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மூன்றும் குறைவின்றி நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் அளித்த மழை வெயில் பதிவுக் குழுவின் பணிக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு அதற்குத் தகுதியான ஆண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நாம் வாழும் பீனிக்ஸ் நகரில் பதிவு தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு வெப்பமான கோடை இருந்ததில்லை. மே 27 முதல் செப்டம்பர் 16 வரை 113 நாள் இடைவிடாமல் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. அதற்கு முன்பு 1993இல் வந்த 76 நாள்தான் உச்சம். 110 டிகிரியை எட்டிய நாட்கள் மட்டும் 70. கோடை முடிந்தது என்று நாம் நினைத்திருந்த செப்டம்பர் 28 அன்று 117 டிகிரி, அதாவது 47 செல்சியஸ்.

இந்த எண்கள் எல்லாம் ஸ்கை ஹார்பர் விமான நிலையத்தில் எடுத்தவை. நம்மில் பெரும்பாலோர் இருப்பது புறநகர்களான சாண்ட்லரிலும் கில்பர்ட்டிலும். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை என்று இரண்டு எண்களைக் கேட்டே பழகியவர்கள் நாம். இரண்டும் ஒன்றாக இருந்ததில்லை என்பதும் நமக்குத் தெரியும். இங்கே செய்தியில் வருவது ஒரே எண். அதையே தம் தெருவின் எண்ணாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழு தொடங்கியதற்குக் காரணம் அதுதான்.

முதல் வேலையாகப் பழைய பதிவுகளைப் படித்தோம். பீனிக்ஸின் தொடர் பதிவு 1890களின் நடுவில் தொடங்குகிறது. ஆனால் அது ஒரே இடத்துப் பதிவு அல்ல. 1953 வரை கருவிகள் நகர மையத்தில் இருந்தன, பிறகு விமான நிலையத்துக்குப் போயின. கருவிகளும் இடையில் மாறின. நகரமும் மாறியது. 1950 கணக்கெடுப்பில் சுமார் 1,07,000 பேர் இருந்த ஊரில் இன்று 16 லட்சம் பேர். நாம் குடியிருக்கும் கில்பர்ட் ஒரு காலத்தில் வைக்கோல் ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர். வயலும் பாசனக் கால்வாயும் இருந்த இடத்தில் இப்போது கூரை, தார்ச்சாலை, வாகன நிறுத்துமிடம்.

அதன் விளைவு பகலைவிட இரவில்தான் தெளிவாகத் தெரிகிறது. கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வெளியே விடுகிறது. பகல் உச்சத்தில் 1990 ஜூன் 26 அன்று பதிவான 122 டிகிரி இன்னும் முறியடிக்கப்படவில்லை. ஆனால் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 2023 ஜூலை 19 அன்று 97 டிகிரிக்குக் கீழே போகவில்லை, அது புதிய உச்சம். அந்த நாளின் மிகக் குளிர்ந்த நேரமே 36 செல்சியஸ். 2024இல் 39 நாட்கள் வெப்பம் 90க்குக் கீழே இறங்கவே இல்லை. உச்ச வெப்பத்தை மட்டும் வைத்து இந்த ஊரின் கோடையை எடைபோடுவது தவறு என்பது குழுவின் உறுதியான கருத்து, என் கருத்தும் அதுவே.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெற்றோர்கள் "நாங்கள் பார்க்காத வேலூர் வெயிலா!" என்பார்கள். ஜூலையில் ஓர் உறுப்பினரின் தந்தை, வெயில் தாழட்டும் என்று காத்திருந்து இரவு ஒன்பது மணிக்கு நடக்கப் போனார். இரண்டு தெரு தள்ளி ஒரு மதில் சுவரில் கை வைத்துச் சாய்ந்தவர், சுவர் சுட்டதும் கையை இழுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி தண்ணீர் கொடுத்து அழைத்து வந்தார். அவர் நலமாக இருக்கிறார், இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் 2023இல் மட்டும் வெப்பத்தால் 645 பேர் இறந்திருக்கிறார்கள். பெற்றோரை அழைத்து வருபவர்கள் கூடுமானவரை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. பீனிக்ஸின் சராசரி 7.22 அங்குலம், அதாவது 183 மில்லிமீட்டர். இந்தச் சராசரி 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளுக்கு உரியது. 1971 முதல் 2000 வரை எடுத்த சராசரி 8.29 அங்குலம், 1981 முதல் 2010 வரை எடுத்ததில் 8.03. அளவுகோலே இறங்கிக்கொண்டு வருகிறது. "இந்த ஆண்டு சராசரி மழை" என்று படித்தால், எந்த முப்பது ஆண்டுகளின் சராசரி என்று கேட்க வேண்டும். 1905இல் 19.73 அங்குலம் பெய்த ஊர் இது, 2002இல் 2.82 அங்குலமே கண்ட ஊரும் இதுதான். 2014 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 3.30 அங்குலம் கொட்டியது. ஒரு பருவமழைக் காலம் முழுவதற்குமான சராசரியே 2.43 அங்குலம்தான்.

பருவமழைக் காலத்தின் வரையறையும் மாறியிருக்கிறது. முன்பு மூன்று நாள் தொடர்ந்து பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 55 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் பருவம் தொடங்கியது என்பார்கள். 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை என்று தேதி குறித்துவிட்டார்கள். பழைய ஆண்டுகளில் பருவம் தொடங்கிய நாளை இன்றைய தேதியோடு ஒப்பிட்டு, மழை தள்ளிப்போகிறது என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வரைபடம் போட்டுக் காட்டினார். அதைத் திருத்த ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. இந்த வரையறைப்படி 2023 பருவத்தில் விமான நிலையத்தில் பெய்தது வெறும் 0.15 அங்குலம்.

உறுப்பினர் வீடுகளில் மழைமானி வைத்தோம். நான்கு அங்குல விட்டமுள்ள உருளை, உள்ளே ஒரு மெல்லிய குழாய். உள்குழாய் ஓர் அங்குல மழையைப் பிடிக்கும், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து பார்க்கலாம். அமெரிக்கா முழுவதும் தன்னார்வலர்கள் பயன்படுத்துவது இதே மானிதான். 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், ஊரின் ஒரு பக்கம் பெருமழையில் மூழ்க, மறுபக்கம் சாதாரண மழையோடு தப்பித்தது. அதற்குப் பிறகே அந்தத் தன்னார்வப் பதிவு முறை பிறந்தது.

கற்றுக்கொண்டவற்றில் இரண்டைச் சொல்கிறேன். மாலையில் இடியோடு பெய்த மழையை உறுப்பினர்கள் மறுநாள் காலை ஏழு மணிக்கு அளந்து, மறுநாள் தேதியில் எழுதினார்கள். விமான நிலையத்தின் நாள் நள்ளிரவில் முடிகிறது. அதே மழை அங்கே முந்தைய தேதியில் இருந்தது. இதை உணராமல் "நம்மிடம் மழை, அங்கே மழையில்லை" என்று ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன். பிழை என்னுடையது, பொறுத்தருள்க.

இன்னொன்று சுழியம். மழை பெய்யாத நாளில் எதையும் எழுதாமல் பலர் விட்டுவிட்டார்கள். எழுதாத நாள் மழையில்லாத நாளா, ஊருக்குப் போயிருந்த நாளா என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. பாலைவனத்தில் சுழியம்தான் பெரும்பான்மைப் பதிவு. ஆகஸ்ட் 22க்குப் பிறகு விமான நிலையத்தில் ஐந்து மாதத்துக்கும் மேல் அளவிடத்தக்க மழையே இல்லை. நூறில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் குறைவான தூறல் விழுந்தால் அது மழை நாளாகக் கணக்கில் சேராது, டிரேஸ் என்று மட்டும் குறிப்பார்கள். நம் தமிழ்ப் பள்ளியின் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் அத்தனை நாளும் தவறாமல் சுழியம் போட்டிருக்கிறாள். புழுதிப்புயல் அடித்த மறுநாள் "குழாயில் மண் மட்டும்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள். இந்த ஆண்டின் மிகச் சிறந்த பதிவேடு அவளுடையது. ஜனவரி இறுதியில் மழை வந்த காலையில் கிரியோசோட் என்ற பாலைவனப் புதரின் வாசம் தெருவெங்கும் பரவியிருந்தது என்றும் அதில் இருக்கிறது.

வெப்பமானிகளில் நாம் தோற்றோம். சுவரில் மாட்டியவை சுவரின் சூட்டையே காட்டின, காரில் தெரியும் எண்ணும் சாலையின் சூடுதான். நிழலில், காற்றோட்டமுள்ள கூண்டுக்குள், ஆள் உயரத்தில் வைத்தால்தான் ஒப்பிட முடியும். கூண்டு செய்து தர உறுப்பினர் ஒருவர் முன்வந்திருக்கிறார், மரத்துக்கான செலவுக்கு இன்று ஒப்புதல் கேட்கிறேன்.

குழுவில் சேர விரும்புவோர் மார்ச் முதல் வாரத்துக்குள் பெயர் கொடுக்கவும். மழைமானியை மரத்தடியிலும் கூரை விளிம்பிலும் வைக்க வேண்டாம். ஜூன் 15க்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து இடம் பார்த்துத் தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர்