நாங்களே போட்ட படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவணை தொடங்கியதும் புத்தகப்பைகளைக் கொட்டிக் கைத்தொலைபேசி தேடுவது நம்மூர்ப் பாடசாலைகளில் வழக்கமாகிவிட்டது. அகப்பட்டதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, பெற்றோரை வரச்சொல்லி, காலைக் கூட்டத்தில் கடுமையாக நாலு வார்த்தை பேசினால் போதும் என்று பல அதிபர்கள் எண்ணுகிறார்கள். நானும் அப்படி எண்ணியவள்தான். திருகோணமலையில் 26 வருடம் படிப்பித்தேன், கடைசி ஏழு வருடம் ஒழுக்காற்றுக் குழுவிலும் இருந்தேன். ஒரு பிள்ளையின் விடயத்தில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் தரம் 10. இல்ல விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓடி முதலாவதாக வந்தவள். அவளுடைய பெயரில், அவளுடைய படத்தோடு யாரோ முகநூலில் போலிக் கணக்குத் திறந்து, கூடப் படிக்கிற பையன்களுக்கும் முன்பின் தெரியாத ஆண்களுக்கும் கண்டபடி செய்தி அனுப்பியிருந்தார்கள். எங்கள் காதுக்கு வரவே இரண்டு கிழமை ஆகிவிட்டது. உடனே அவளைக் கூப்பிட்டு விசாரித்தோம். "நான் போடல்ல ரீச்சர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். போனை வாங்கி வைத்துக்கொண்டு தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினோம். கடற்தொழிலுக்குப் போகிறவர் அவர். அன்றைய தொழிலை விட்டுவிட்டு வந்து, எங்கள் கண் முன்னாலேயே அவளுக்கு அடித்தார். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவள் பாடசாலைப் பக்கம் வரவில்லை.

அந்தப் படம் எங்கிருந்து போனது என்று பிறகுதான் தேடினோம். எங்கள் பாடசாலையின் முகநூல் பக்கத்தில், பெயர், வகுப்பு, இல்லம் எல்லாம் எழுதி, நாங்களே பெருமையாகப் போட்ட படம் அது.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவள் திரும்பி வந்த பிறகு கேட்டேன். "சொன்னா போனைப் பறிப்பீங்க, அப்பாக்குத் தெரிய வரும், கூட்டத்தில பேர் சொல்லுவீங்க" என்றாள். மூன்றில் இரண்டை நாங்கள் செய்து முடித்திருந்தோம்.

அதனால் அதிபர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். இப்படி ஒன்று நடந்தால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகள் நம்பக்கூடிய ஒரு ஆசிரியை, ஒரு ஆசிரியர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். ஒழுக்காற்றுக் குழுவில் இருப்பவர்களாக அவர்கள் இருக்கக் கூடாது. முறையிட வந்த பிள்ளையின் போன் பறிக்கப்படாது என்பதை எழுதி, வகுப்பு வகுப்பாக வாசித்துக் காட்ட வேண்டும். பெற்றோருக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எப்போது, எப்படி, யார் சொல்வது என்பதைப் பிள்ளையோடு பேசித் தீர்மானிக்கலாம்.

அப்புறம், ஆதாரம். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிடுகிறோம். கணக்கின் பெயரும் முகவரியும் திகதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துவிட்டுத்தான் முறையிட வேண்டும். பிள்ளையின் ஆபாசப் படம் என்றால் விடயம் முற்றிலும் வேறு. அதைப் படமெடுக்கவும் கூடாது, "சேர், இதைப் பாருங்கோ" என்று ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது. அத்தகைய படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின் கீழ் குற்றம், அனுப்புகிறவர் ஆசிரியராக இருந்தாலும் சரி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. பிள்ளை படத்தை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. தன் போனிலேயே தெரிவு செய்தால் படம் போகாமல், அதிலிருந்து உருவாகும் கைரேகை போன்ற ஒரு எண் குறியீடு மட்டும் அங்கே போகும், அதை வைத்து முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தப் படத்தைத் தேடி நீக்கும். இது தெரிந்த ஒரு அதிபரையாவது நான் அந்தக் காலத்தில் சந்தித்ததில்லை.

அவுஸ்திரேலியாவைப் போல 16 வயது வரை பிள்ளைகள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2025 டிசம்பர் 10 முதல் அங்கே அந்தச் சட்டம் நடைமுறையில் இருப்பது உண்மை. ஆனால் தண்டம் கட்ட வேண்டியது நிறுவனங்கள். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அதில் தண்டனை கிடையாது. நாங்களோ பிள்ளையைத்தான் முதலில் தண்டிக்கிறோம். 2020 இல் கொரோனாவுக்குப் பாடசாலை மூடியபோது, வட்ஸ்அப்பில் பாடம் வரும், போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டதும் நாங்கள்தான். வாங்கிக் கொடுக்க நகை அடகு வைத்த தாய்மாரை எனக்குத் தெரியும்.

ஆசிரியர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். இரவு பத்து மணிக்கு மாணவிக்குத் தனிச்செய்தி அனுப்பும் ஆசிரியர் எந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறார்? பாடம் பற்றிய செய்தி குழுவில் மட்டும் வரட்டும், அந்தக் குழுவில் இன்னொரு ஆசிரியரும் இருக்கட்டும். சம்பளம் வாங்கும் நாங்கள் முகநூலில் என்ன எழுதுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் ஊர் இது. ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி, பாடசாலைக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஆடை விவகாரம் முகநூலுக்குப் போய் ஊரையே எப்படிப் பிரித்துவிட்டது என்பதை 2018 இல் பார்த்தோம். அன்று மோசமாக எழுதியவர்கள் பெரியவர்கள்தான்.

அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டி வருவதற்குள் அதிபர்கள் தங்கள் பாடசாலைப் பக்கத்தைத் திறந்து, பழைய பதிவுகள் வரை ஒருமுறை பார்த்துவிடட்டும். பிள்ளையின் முகமும் முழுப்பெயரும் வகுப்பும் ஒன்றாக இருக்கும் பதிவுகளை நீக்கட்டும். பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் புதிதாக எதையும் போட வேண்டாம். வலயக் கல்விப் பணிமனை இதை ஒரு கடிதமாக எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்பினால் இன்னும் நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.