மூச்சு முட்டும் குதிரையைச் சோம்பேறி என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் பின்தங்கும் குதிரையை ‘மனத்திடம் இல்லாதது’ என்று விளையாட்டுப் பக்கங்களில் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், நெடுநாளாகக் குதிரைகளுக்கு மருத்துவம் பார்த்துவரும் எனக்கு மனம் வருந்துகிறது. அவற்றுள் பல, ஓட விருப்பமில்லாமல் அல்ல, மூச்சு விட வழியில்லாமல்தான் வேகம் குறைகின்றன.

குதிரையால் நம்மைப் போல வாயால் மூச்சு விட முடியாது. அதன் மென்னண்ணம் (மேல்வாயின் பின்பக்கத்து மெல்லிய சதை), விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாயிலைக் காக்கும் குரல்வளை மூடிக்குக் கீழே இறுகப் பொருந்தியிருப்பதால், மூக்கு ஒன்றே காற்றுக்கு வழி. நின்றுகொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 80 லிட்டர் காற்றை இழுக்கும் குதிரை, முழுப் பாய்ச்சலில் 1,500 லிட்டருக்கும் மேல் இழுக்கிறது. அதுவும் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில். அந்த வேகத்தில் உண்டாகும் உறிஞ்சு விசையைத் தொண்டையின் மெல்லிய சதைகள் தாங்க வேண்டும். லாயத்தில் அமைதியாக நிற்கும் குதிரையின் தொண்டைக்குள் எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை) விட்டுப் பார்த்து ‘குறையில்லை’ என்று சொல்வது எவ்வளவு போதாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். ஓட்டத்தின் நடுவே திடீரென்று தளர்ந்துவிடும் ஒரு பெண் குதிரையை ஓய்வு நிலையில் பரிசோதித்து, தொண்டை நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். சாட்டையடிதான் அதற்குக் கிடைத்தது. பிறகு, கடிவாளத்தோடு பொருத்தி ஓடும்போதே படம் எடுக்கும் எண்டோஸ்கோப்போடு அதைப் பந்தய வேகத்தில் ஓடவிட்டோம். முக்கோண வடிவக் குரல்வளை மூடி திரையில் நெடுநேரம் தெளிவாகத் தெரிந்தது. களைப்பு ஏறிய வேளையில் குதிரை ஒருமுறை விழுங்கியது. அடுத்த நொடி அந்த மூடியைக் காணவில்லை. மென்னண்ணம் அதன்மேல் ஏறி, வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் ஈரத்துணி போலப் படபடத்துக்கொண்டிருந்தது. வேகம் குறைந்ததும் குதிரை மறுபடி விழுங்க, எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நின்ற நிலையில் நான் எதையும் காணாததன் காரணம் அதுதான்.

இந்தக் கோளாறில் மூச்சை வெளிவிடும்போது களகளவென்ற சத்தம் கேட்கும். ஆனால் எல்லாக் குதிரைகளிலும் கேட்காது. ஆகவே சத்தமில்லை என்பதால் நோயில்லை என்று முடிவுகட்டக் கூடாது. மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்று இரையும் குதிரையின் நோய் பெரும்பாலும் வேறு. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் குரல்வளைக்கு ஏறும் நீளமான இடப்பக்க நரம்பு நலிந்து, அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு விரியாமல் காற்றுவழியில் சரிந்து நிற்பதே அது. உயரமான குதிரைகளில் இது அதிகம். இதற்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையில் அந்தக் குருத்தெலும்பை நிரந்தரமாக இழுத்துக் கட்டிவிடுவதால், பின்னாளில் தீவனம் மூச்சுக்குழலில் இறங்கி இருமல் வரக்கூடும். மென்னண்ணம் இடம் மாறும் குதிரைக்கோ குரல்வளையையே முன்னோக்கி நகர்த்திக் கட்டுகிறோம். ஒன்றை மற்றொன்றாக எண்ணி அறுத்தால், குதிரைக்கு வலி மிஞ்சுமே தவிர மூச்சு திரும்பாது. ஒரே குதிரையில் இரண்டு மூன்று குறைகள் சேர்ந்திருப்பதும் உண்டு.

ஆகவே உரிமையாளர்களையும் பயிற்சியாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: ஓடும் நிலையில் எடுத்த படத்தைப் பார்க்காமல் இத்தகைய அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். அந்தச் சோதனையும் மெதுவோட்டத்தில் நடந்தால் பயனில்லை. குதிரை எந்தத் தூரத்தில், எந்த வேகத்தில் தளர்கிறதோ அதே நிலையை உண்டாக்க வேண்டும். கழுத்தை வளைத்து நடக்கப் பழக்கிய குதிரையானால், கடிவாளத்தைப் பிடித்து அதே வளைவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் சிலவற்றுக்கு அந்த வளைவில் மட்டுமே காற்றுவழி அடைபடுகிறது. ஓய்வுப் பரிசோதனையிலும் கூடுமானவரை மயக்க மருந்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மருந்தில் குரல்வளைத் தசைகள் தளர்ந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

மருத்துவரிடம் வரும்போது ஜாக்கியையும் அழைத்து வாருங்கள். சத்தம் மூச்சை இழுக்கையிலா விடுகையிலா, தளர்ச்சி மெல்ல வந்ததா சட்டென்று வந்ததா என்பதைச் சேணத்தின் மேல் இருந்தவர்தான் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஒரு குதிரை மருத்துவர்