ப்ளூ-ரே டிஸ்க் செய்ய எந்த மென்பொருள் என்று கேட்டாயே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு என் தோள்வலிதான் காரணம். இப்போது கை தலைக்கு மேலே போகிறது, அதுவரைக்கும் சரி. பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பான் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை, அதனால் பரணைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. வலி வந்த கதை அவ்வளவுதான்.

நீ பழைய வீடியோ கேசட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றி முடித்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நம் கல்லூரி ஆண்டு விழா நாடகமும் அதில் இருக்கிறது என்றாயே, அதைப் படித்ததும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. சரி, அதைக் கடைசியில் பேசுவோம்.

அக்காவுக்குக் கொடுக்க ப்ளூ-ரே டிஸ்க் செய்ய ஒரே ஒரு நல்ல மென்பொருளைச் சொல் என்கிறாய். அங்கேதான் நானும் முதலில் தடுக்கி விழுந்தேன். ‘எல்லாம் ஒரே இடத்தில்’ என்று விளம்பரம் செய்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். பெயர் எதற்கு. ஏற்கெனவே சரியான வடிவத்தில் இருந்த வீடியோவையும் விடாமல் மறுபடி என்கோட் செய்தது, அதாவது புதிதாகச் சுருக்கி எழுதியது. ராத்திரி முழுக்கக் கணினி இரைந்துகொண்டிருந்தது. காலையில் பார்த்தால் படம் முன்பு இருந்ததைவிட மங்கல். அந்த டிஸ்க் இப்போது என் மேசையில் காப்பி டம்ளருக்குக் கீழே இருக்கிறது.

அப்புறம்தான் புரிந்தது, இதில் மூன்று வேலை கலந்து கிடக்கிறது. வீடியோவை ப்ளூ-ரே ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுவது ஒன்று. மெனு, அத்தியாயங்கள், பிடிஎம்வி என்ற கோப்புறை, இவற்றை அமைப்பது இன்னொன்று. இதைத்தான் ஆதரிங் என்கிறார்கள். டிஸ்கில் எழுதுவது மூன்றாவது. எழுதுவதுதான் இருப்பதிலேயே சுலபம், ஆனால் விளம்பரத்தில் அதுதான் பெரிதாக வரும்.

உன் கேசட் வீடியோக்களை ஹெச்டி ஆக்கவேண்டுமோ என்று கவலைப்பட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். 720×576 அளவில், வினாடிக்கு 25 பிரேம் கொண்ட, ஒவ்வொரு பிரேமையும் இரண்டு பாதியாகக் காட்டும் இன்டர்லேஸ்டு படத்தை ப்ளூ-ரே அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஹெச்.264 என்ற சுருக்க முறையில் வினாடிக்கு 8 மெகாபிட் கொடுத்தாலே கேசட்டில் இருந்தது அத்தனையும் வந்துவிடும். அந்தக் கணக்கில் 25 ஜிபி டிஸ்க் ஒன்றில் சுமார் ஆறரை மணி நேரம் அடங்கும். (விண்டோஸில் போட்டால் 23.3 என்று காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே, எண்ணுகிற முறைதான் வேறு.)

தொல்லை எல்லாம், கேசட்டோடு சேர்த்துப் போட நீ கைபேசியில் எடுத்து வைத்திருக்கும் வீடியோக்களில்தான். 1080 உயரத்தில் முழு பிரேமாக, அதாவது ப்ரோக்ரஸிவாக, சாதாரண ப்ளூ-ரே ஏற்பது வினாடிக்கு 24 பிரேம் வகையை மட்டும்தான். கைபேசியோ 30 அல்லது 60-இல் எடுக்கும், அதையும் சீராக எடுக்காது. ஒலி ஏஏசி என்ற வடிவத்தில் இருக்கும், அது ப்ளூ-ரே பட்டியலிலேயே இல்லை. வீடியோ ஹெச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் இருந்தால் அதுவும் செல்லாது. நீ 60-இல் எடுத்தவற்றை 720 உயரத்துக்குக் குறைத்து, பிரேம் வேகத்தை 59.94 என்று நிலையாக வைத்துவிடு, ஒலியை டால்பி டிஜிட்டலாக மாற்று. இந்த வேலைக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். ஆனால் டிஸ்க் அமைக்க அதற்குத் தெரியாது.

அடுத்து, அக்காவுக்கு மெனு வேண்டுமா என்று கேள். எந்த மென்பொருள் என்பதை முடிவு செய்வது அந்தப் பதில்தான். போட்டவுடன் படம் ஓடினால் போதும் என்றால் டிஎஸ்மக்ஸர் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம். படத்தின் தரத்தில் கை வைக்காது, இருக்கும் வீடியோவையும் ஒலியையும் அப்படியே ப்ளூ-ரே கோப்புறைக்குள் கட்டிக் கொடுக்கும், இத்தனை நிமிடத்துக்கு ஒரு அத்தியாயம் என்றும் பிரிக்கும். நிமிடக் கணக்கில் வேலை முடியும். முகம் பார்த்துப் பழக முடியாத மாதிரிதான் அதன் தோற்றம், ஆனால் சொன்ன சொல் தவறாத ஆள்.

பொத்தான், பின்னணிப் படம், பாட்டு என்று மெனு வைக்க வேண்டுமென்றால் காசு செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. டிஎம்பிஜிஎன்க் ஆதரிங் வொர்க்ஸ் அந்த வகையில் எனக்குப் பிடித்தது. விதிக்குப் பொருந்தும் வீடியோவை அது மறுபடி என்கோட் செய்யாமல், நீ வெட்டிய இடங்களை மட்டும் தொடும். நான் முதலில் வாங்கியதில் இல்லாத குணம் இதுதான். நம் காலத்து ஆட்கள் இன்னும் அடோபி என்கோரைப் பற்றிப் பேசுவார்கள். அது சிஎஸ்6 என்ற பதிப்புடன் நின்றுபோனது, இன்று தேடிப் போகாதே. டிவிடிஸ்டைலர் என்று யாராவது சொன்னால், பெயரிலேயே பதில் இருக்கிறது, டிவிடிக்கு மட்டும்.

டிஸ்கில் எழுதுவதற்கு இம்க்பர்ன் என்ற மென்பொருள். கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. பிடிஎம்வி கோப்புறையைக் காட்டினால் யுடிஎஃப் 2.50 என்ற சரியான கோப்பு முறைக்குத் தானே மாற்றட்டுமா என்று கேட்கும், ஆமாம் என்று சொல். நிறுவும்போது மட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு நகரு. லினக்ஸில் இருந்தால் கே3பி. 4 மடங்கு வேகத்தில் 25 ஜிபி எழுத அரை மணிக்குள் ஆகும். அதன்பின் சரிபார்க்கிறேன் என்று டிஸ்கை முழுக்க ஒருமுறை படிக்கும், பொறுமையாக விடு.

எழுதுவதற்கு முன்னால் அந்தக் கோப்புறையைக் கணினியில் விஎல்சி என்ற மென்பொருளில் ஓட்டிப் பார். முதல் பிரதியை, அழித்து எழுதக்கூடிய பிடி-ஆர்இ டிஸ்கில் போட்டு அக்காவின் பிளேயரிலேயே சோதித்துவிடு. கணினியில் ஓடியது பிளேயரில் மக்கர் செய்வது எனக்கு இருமுறை நடந்திருக்கிறது.

புகைப்படங்களைச் சேமிக்க வேறு மென்பொருள் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். அது வெறும் தகவல் டிஸ்க், ஆதரிங் எதுவும் கிடையாது, விண்டோஸே எழுதிவிடும். அங்கே மென்பொருளைவிட டிஸ்க்தான் முக்கியம். எல்டிஹெச் என்று போட்டிருந்தால் வாங்காதே. அதில் இருப்பது கரிமச் சாயம், வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாங்காது. வாங்குவதைக் கொஞ்சம் சேர்த்தே வாங்கு. 2025 பிப்ரவரியோடு சோனி இந்த எழுதும் டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

அந்த நாடகத்துக்கு வருகிறேன். இரண்டாவது காட்சியில் நான் வசனம் மறந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது உன் கேமராவில் முழுசாகப் பதிவாகியிருக்கும், தெரியும். வெட்டு என்று கேட்கமாட்டேன், நீ எப்படியும் வெட்டமாட்டாய். மெனுவில் அந்தக் காட்சிக்கு மட்டும் தனிப் பொத்தான் வைத்துவிடாதே. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
மூர்த்தி