முன்வரவில்லையாம் பெண்கள்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் மலேசியப் பெண்களும் அரசியலும் பற்றி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் நடுவில்தான் இடம் கிடைத்தது என்றாலும் மகிழ்ச்சி. அந்தக் கட்டுரையில் ஒரு வரி: "வாய்ப்புகள் இருந்தும் நம் பெண்கள் முன்வருவதில்லை." எழுதியவர் பெயர் இல்லை. அவர் எந்தக் கட்சியின் கிளைக் கூட்டத்திலாவது கடைசிவரை உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கூட்டம் இரவு எட்டரைக்கு என்று வாட்ஸ்அப்பில் வரும். தலைவர் ஒன்பதேகாலுக்கு வருவார். 'இதர விஷயங்கள்' தொடங்கும்போதே மணி பத்தரை ஆகியிருக்கும். ஆனால் முடிவு எடுக்கும் இடம் அதுவல்ல. கூட்டம் கலைந்த பிறகு நாலைந்து பேர் தேநீர் குடிக்க மாமாக் கடைக்குப் போவார்களே, பேராளர் யார், கட்சியின் தொகுதிப் பதவித் தேர்தலில் எந்த அணி என்பதெல்லாம் அங்கேதான் தீரும். விடியற்காலை எழுந்து சமைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவள் அந்த மேசையில் இருக்க மாட்டாள். இருந்தால், அதையும் ஒரு பேச்சாக்கிவிடுவார்கள். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை மட்டும் தவறாமல் அவளுக்கு வரும். கிளை செயலாளர் பெண், பொருளாளர் பெண், தலைவர் மட்டும் ஆண் என்பது பட்டர்வொர்த்தில் இருந்து நிபோங் திபால் வரை பழகிப்போன காட்சி.

தேர்தல் நாளில் போய்ப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வாக்களிப்பு தொடங்குவதற்கு முன்பே வாக்குச் சாவடியில் முகவராக உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள்! வாக்காளர் பெயரை அடித்து, வாக்குச் சீட்டு எண்ணுவதைக் கண்கொட்டாமல் பார்த்து, ஒவ்வொரு சாலுரானுக்கும் (வாக்களிப்பு அறை வரிசைக்கும்) எண்ணிக்கை முடிவைக் காட்டும் 14ஆம் பாரத்தில் கையெழுத்துப் போட்டு, அதன் பிரதியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அவர்கள். அந்தப் பாரம் இல்லாவிட்டால் நாளை எண்ணிக்கையைக் கேள்வி கேட்கக் கட்சியின் கையில் முக்கிய ஆதாரம் இருக்காது. இவர்களா முன்வராதவர்கள்?

சரி, கணக்குக்கு வருவோம். 2022 பொதுத் தேர்தலில் 945 வேட்பாளர்கள். அதில் பெண்கள் 127. அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. 222 இடங்களில் வென்ற பெண்கள் 30, நூற்றுக்குப் பதின்மூன்றரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நின்ற பெண்களில் வென்றவர்கள் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு; நின்ற ஆண்களிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். வாக்காளர்கள் பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கவில்லை. ஒதுக்கியது வேட்பாளர் பட்டியல் எழுதிய கை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை, கால்குலேட்டர் போதும். வென்ற அந்த முப்பது பேரில் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர்கூட இல்லை என்பதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. பினாங்கின் பத்து காவான் தொகுதியில் 2013 முதல் 2022 வரை கஸ்தூரி பட்டு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அதற்குப் பிறகு மேலவை நியமனம் வழியாகத்தான் நம் பெண்ணொருவர் துணையமைச்சராக முடிந்தது.

பட்டியலில் இடம் கிடைப்பது எப்படி என்பதையும் எழுதியிருக்கலாம். நாடாளுமன்றத்துக்கு வைப்புத்தொகை 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000. பதாகைகளை அகற்றுவதற்கென்று தனியாக 5,000, 3,000. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் முதல் தொகை திரும்பாது. சட்டப்படி ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு நாடாளுமன்றத்துக்கு 200,000, சட்டமன்றத்துக்கு 100,000. கட்சி கட்டும் என்பீர்கள். கட்டும், ஆனால் இத்தனை ஆண்டு கட்சிக்கு யார் கட்டினார்கள் என்று பார்த்துவிட்டுக் கட்டும். குத்தகைக்காரரும் வழக்கறிஞரும் டத்தோ பட்டம் பெற்றவரும் முந்திக்கொள்வது அங்கேதான். பெண்ணுக்கு வந்தால், போன முறை வைப்புத்தொகை பறிபோன தொகுதியாகப் பார்த்து வரும். வேட்புமனு காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் தாக்கலாக வேண்டும். முந்தைய இரவு வரை பட்டியலில் இருந்த பெயர் காலையில் இல்லாமல் போவது புதுமையும் அல்ல.

ஊராட்சி மன்றங்களைப் பற்றி உங்கள் பத்திரிகை பேசுவதே குறைவு. மலாயாக் கூட்டரசில் முதன்முதலில் நகராட்சித் தேர்தல் நடந்தது நம் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில், 1951இல். 1965இல் அந்தத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. இன்று ஒரு மன்றத்தில் குறைந்தது 8, அதிகம் 24 உறுப்பினர்கள். அத்தனை பேரும் மாநில அரசு நியமித்தவர்கள். பெரும்பாலும் கட்சிகளுக்குள் இத்தனை இத்தனை என்று பங்கு பிரித்துத்தான் நியமிக்கிறார்கள். ஆண் உறுப்பினர் ஒருவரையாவது 'கோட்டாவில் வந்தவர்' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? பெண்ணுக்கு மட்டும் அந்தப் பட்டம். தேர்தலே இல்லாத ஒரு மன்றத்தில் எல்லோரும் கோட்டாதான் ஐயா.

இதே பினாங்கில்தான் 2012இல் மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு ஊராட்சி மன்றங்களும் சேர்ந்து பாலின நோக்கில் வரவுசெலவு போடும் திட்டத்தைத் தொடங்கின. ஜாலான் சுங்கை, அம்பாங்கான் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முதலில் செய்தார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஆண், பெண், இளையோர், முதியோர் என்று தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவிட்டு, எந்த வேலை முதலில் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்கவைத்தார்கள். தனித்தனியாக உட்காரவைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே மண்டபத்தில் வைத்தால் ஒலிவாங்கி மூன்று பேர் கையை விட்டு நகராது. அடைத்துக்கொண்ட சாக்கடையும் பழுதான மின்தூக்கியும் யாரை அதிகம் பாதிக்கிறது என்று அந்த மூன்று பேருக்கும் தெரியாது. இதை நீங்கள் எத்தனை முறை செய்தியாக்கினீர்கள்?

2020இல் பினாங்குச் சட்டமன்றம் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, தேர்தலில் வெல்லும் 40 உறுப்பினர்களோடு கூடுதலாகப் பத்துப் பெண்கள் வரை நியமிக்க வழி செய்தது. மன்றத்தில் திருத்தம் நிறைவேறியபோது நீங்கள் போட்ட தலைப்பு நினைவிருக்கும். அதன் பிறகு அந்தப் பத்து நாற்காலிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று உங்கள் நிருபர் முதலமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. கேட்காமலேயே 'வாய்ப்புகள் இருந்தும்' என்று எழுதிவிட்டீர்கள்.

பாலியல் தொந்தரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரவுக் கூட்டத்துக்குப் பிறகு வரும் குறுஞ்செய்தி, 'தங்கச்சி' என்று தொடங்கி வேறெங்கோ போகும் பேச்சு, இவற்றுக்காகவே ஒதுங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். கட்சியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போனால் அங்கே அமர்ந்திருப்பவர் தொந்தரவு செய்தவருடைய நண்பர். 2022ஆம் ஆண்டு பாலியல் தொந்தரவு எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இந்தப் புகார்களுக்கென்றே நடுவர் மன்றம் வந்துவிட்டது. 2024 மார்ச் முதல் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம். மகளிர் பக்கத்தில் முகப்பூச்சுக் குறிப்புக்குக் கீழே மீதமிருக்கும் இடத்தில் இதைப் போட்டிருக்கலாம்.

கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தனிக் கடிதத்துக்குரியவை. ஒன்று மட்டும்: சில கோயில்களில் குடும்பத்துக்கு ஓர் உறுப்பியம், அது கணவர் பெயரில். ஆண்டுக் கூட்டத்தில் மனைவிக்கு வாக்கே இல்லை. அன்னதானத்துக்குக் காய் நறுக்க மட்டும் எந்த உறுப்பியமும் தேவைப்படுவதில்லை.

கடைசியாக, உங்கள் புகைப்படக் குறிப்புகள். பொறுப்பேற்பு விழாப் படத்தில் முன்வரிசை ஆண்களுக்கு டத்தோ, டத்தோஸ்ரீ எல்லாம் சேர்த்து முழுப் பெயர். பக்கத்தில் நிற்கும் பெண்கள் 'மகளிர் அணியினர்'. ஒருவர் மட்டும் 'இன்னாரின் துணைவியார்'. அவரே கிளைத் தலைவியாக இருந்தும்.

கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை பினாங்கு, செபராங் பிறை மாநகர் மன்ற உறுப்பினர்கள் பதவியேற்கும்போது அத்தனை பெயர்களையும், அதில் பெண்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். அந்த மன்றங்களின் மாதாந்திர முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் சட்டப்படி திறந்ததுதான்; ஒரு நிருபரை அனுப்பி வையுங்கள். படத்தில் நிற்கும் பெண்களிடம் பெயர் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கடிதம் நீளமாகிவிட்டது என்று சுருக்க நேர்ந்தால் வணக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள், 945ஐயும் 127ஐயும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பட்டர்வொர்த், பினாங்கு.